நாட்டுக்கு நாண் உண்டா?

ஈப்போ இரயில் நிலையத்தின் வெண்ணிறக் கட்டடத்தைக் கண்டு வியப்போர் பலர். அதன் முன்றிலில் நிற்கும் போர் நினைவுத்தூணின் அருகே சென்று நிற்போர் மிகச் சிலரே. முதல் உலகப்போரில் மாண்ட பேராக் வீரர்க்கென எழுப்பப்பெற்ற அத்தூண், பின்னாளில் பிற போர்களில் மடிந்தோரையும், சயாம்–பர்மா இரயில் பாதையில் உயிர் நீத்தோரையும் நினைவுகூரும் இடமாயிற்று. அத்தூணுக்கு எதிரே ஓடும் தண்டவாளத்தின் வழியேதான் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்ட தோட்டத் தமிழர் வடக்கே கொண்டு செல்லப்பட்டனர். சென்றவருள் திரும்பாதவர் பல்லாயிரவர்.

போர்க்காலத்தில், படைக்கலம் ஏந்தாத மக்களுக்கு ஒரு நாடு கொடுமை இழைத்தால், அக்கொடுமைக்காக அந்நாடு பின்னர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கேட்பின், யார் யாரிடம் கேட்பது? கேட்ட அளவில் கடன் தீர்ந்துவிடுமா? இவ்வினாக்கள் இன்று உலக மன்றங்களில் அடிக்கடி எழுகின்றன. பேராக் தமிழர்க்கோ இவை உலக வினாக்கள் மட்டும் அல்ல, குடும்ப வினாக்கள். ஆதலின், நம் வீட்டு நிகழ்ச்சியை முன்னிறுத்தி இதனை ஆராய்தல் பொருந்தும்.

முதற்கண் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் காண்போம். 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் கைப்பட்டது. கம்பாரில் சில நாள் கடும்போர் நிகழ்ந்தது; 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. மேலைநாட்டுச் சந்தை அற்றுப்போகவே, கித்தாத் தோட்டங்கள் வேலையின்றிக் கிடந்தன. அரிசிக்கு மாற்றாக மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. இந்நிலையில், பர்மாவில் போரிட்ட தம் படைக்குக் கடல் வழியை நம்பாமல் நிலவழியே பொருள் அனுப்ப எண்ணிய ஜப்பானியர், சயாமின் நோங் பிளாடுக் என்னும் இடத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயா வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையையும் காட்டையும் பிளந்து இரயில் பாதை அமைக்கத் தொடங்கினர். 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய பணி 1943 அக்டோபர் 17-இல் இரு முனையும் இணைந்து முடிந்தது.

இப்பணியில் ஈடுபடுத்தப்பட்ட போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். அவருள் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். இவர்தம் துயரை உலகம் நன்கு அறியும். ஆனால் பாதையின் பெரும் பளுவைச் சுமந்தவர் ஆசியத் தொழிலாளரே. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாவினர், சீனர், தமிழர் எனப் பலராகிய அவர் தொகை இரண்டு இலட்சத்துக்குக் குறையாது என்பர். மலாயாவிலிருந்து சென்றோர் மட்டும் 75,000-க்கு மேல். அவருள் மிகப் பலர் தோட்டத் தமிழர். மலாயாத் தொழிலாளருள் ஏறத்தாழ 30,000 பேர் இறந்தனர் என்பது போருக்குப்பின் எடுத்த கணக்கு. காட்டில் ஓடி மறைந்தோரும், கணக்கில் ஏறாமல் புதைக்கப்பட்டோரும் உளராதலின், உண்மைத் தொகை இதனினும் மிகுதியாதல் வேண்டும் என ஆய்வாளர் கருதுவர்.

அவர்கள் எவ்வாறு சென்றனர்? தொடக்கத்தில், நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்றே மாத வேலை என்ற ஆசைமொழி. ஆசைமொழி பலிக்காதபோது பிடித்துச் செல்லல். பெரட்டுக் களத்திலும், இலவசப் படக்காட்சி என்று கூட்டிய இடத்திலும் மக்கள் வளைக்கப்பட்டதை, திரும்பி வந்தோர் சொல்லியிருக்கின்றனர். போர்க்கைதிகளோடு அவர்தம் படை மருத்துவர் இருந்தனர். நோயாளிக்காக வாதாட அதிகாரிகள் இருந்தனர். தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவரும் இல்லை, வாதாடுவாரும் இல்லை. 1943-ஆம் ஆண்டின் அடைமழையில் வாந்திபேதி பரவியபோது முகாம்கள் சுடுகாடாயின. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, புரையோடிய கால்புண் ஆகியவை எஞ்சியோரை அரித்தன. வீட்டுக்கு மடல் இல்லை. லயத்தில் காத்திருந்த பெண்களுக்குக் கணவன் உளனா இலனா என்பதே தெரியாது. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா என்று அறியாமல் கழிந்த வாழ்வைவிடக் கொடிய தண்டனை வேறு எது?

போர் முடிந்தபின் நிகழ்ந்தவை இவ்வாராய்ச்சிக்கு இன்னும் இன்றியமையாதவை. இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசாயா ஆகிய இடங்களில் கல்லறைத் தோட்டங்கள் அமைந்தன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் புல்லும் பூவுமாகப் போற்றப்படுகின்றன. தொழிலாளரின் எலும்புகளோ காட்டு மண்ணோடு கலந்தன. பாதையின் சயாம் பகுதியைச் சயாம் அரசுக்கு விற்றபோது பெற்ற 12½ இலட்சம் பவுன், மலாயா முதலிய நாடுகளின் இரயில் துறைகள் இழந்த தளவாடங்களுக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. தண்டவாளத்துக்கு விலை கண்டனர். அதன்மேல் விழுந்து செத்த ஆளுக்குக் காணவில்லை.

1951-இல் சான் பிரான்சிஸ்கோவில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் ஒரு பிரிவு, நேச நாடுகளின் போர்க்கைதிகளுக்கு உதவித்தொகை கிடைக்க வழி செய்தது. தொழிலாளர் அப்பிரிவில் அடங்கவில்லை. அன்று மலாயா தனிநாடு அன்று. அதன் சார்பில் ஒப்பமிட்டது பிரிட்டன். 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த தன் முன்னாள் வீரர்க்கு ஆளுக்கு 10,000 பவுன் வழங்கியபோதும், அவ்வீரர் அருகே மண் சுமந்த பிரிட்டிஷ் மலாயாக் கூலிகளை யாரும் எண்ணவில்லை. இடையே, 1967 செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி மதிப்புள்ள பொருளும் பணியும் ஜப்பான் தருவது. போர்க்கால நிகழ்ச்சிகளால் எழும் வினாக்கள் அனைத்தும் அதனோடு முடிந்தன எனக் கொள்வது. இதன்வழி மலேசியாவுக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள் கிடைத்தன. கப்பல் நாட்டுக்கு வந்தது. லயத்துக் கைம்பெண்ணுக்கு வந்தது எதுவும் இல்லை.

இனி, மன்னிப்புக் கேட்டல் தேவையற்றது என்பார் கூறும் தடைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் தடை இது: கொடுமை செய்தோர் இறந்தனர், இன்று வாழும் மக்கள் எக்குற்றமும் செய்யாதவர், செய்யாதவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? இது எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று. குற்றம் செய்தவனையே சாரும், பேரனைச் சாராது. ஆயின் தமிழில் குற்றம் வேறு, பழி வேறு. குற்றம் செய்கையைப் பற்றியது. பழி அச்செய்கையால் குடிமேல் நிற்கும் மாசு. திருவள்ளுவர் நாணுடைமை என்னும் அதிகாரத்தில், தமக்கு வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்க்கு வரும் பழிக்கும் நாணுவோரையே நாணத்தின் உறைவிடம் எனப் போற்றுகிறார். பிறர் பழிக்கே நாண வேண்டும் எனின், தன் முன்னோர் பழிக்கு நாணுவதில் தடை ஏது? மேலும், அரசு என்பது ஆள் மாறினும் மாறாதது. முன்னோர் வாங்கிய கடனை அது அடைக்கிறது. முன்னோர் செய்த உடன்படிக்கையைக் காட்டி உரிமை கேட்கிறது. முன்னோர் பெற்ற வெற்றிக்கு விழாவும் எடுக்கிறது. சொத்தை ஏற்பவன் கடனை மட்டும் மறுத்தல் எந்த ஊர் வழக்கிலும் செல்லாது.

இங்கே சிலப்பதிகாரம் நமக்குத் துணை செய்யும். பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனைத் தன் கையால் வெட்டவில்லை. பொற்கொல்லன் பொய் சொன்னான். காவலர் ஏவலைச் செய்தனர். வாள் வேறொருவன் கையில் இருந்தது. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்தது முத்து அன்று, மணி என்று கண்ட அளவில், மன்னன் பொற்கொல்லனைச் சுட்டித் தப்பியிருக்கலாம். அவன் அது செய்யவில்லை. குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான். தன் ஆட்சியின் பெயரால் நிகழ்ந்தது தன்னுடையதே எனக் கண்டான். தண்டனையை அளந்து கொடுக்க வேறொருவர் தேவைப்படாத அளவுக்கு அந்நாண் அவனைச் சுட்டது. வளைந்த கோலை அவன் உயிர் நிமிர்த்தியது என்று காப்பியம் கொண்டாடுவது இதனாலன்றோ?

இரண்டாவது தடை: போர் என்றால் கொடுமை இருக்கவே செய்யும்; எந்நாடும் தூய நாடு அன்று. இதிலும் ஓரளவு உண்மை உண்டு. நம் புறநானூறே அதற்குச் சான்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், பசுக்களும் பெண்டிரும் நோயாளரும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடம் சேருங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்னறிவித்துப் போர் செய்த அறவழியைப் பாராட்டுகிறார். அதே புலவர் அதே மன்னன் பகைவர் ஊரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதையும் பாடுகிறார். ஆகவே, தமிழ் மன்னர் கை கறைபடாதது என்று நாம் சொல்லிக்கொள்ள இயலாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. படைக்கலம் ஏந்தாதாரைக் காத்தல் வேண்டும் என்னும் அறம் நேற்று மேலை நாட்டு மாநாட்டில் பிறந்தது அன்று. அறம் முன்பே அறியப்பட்டிருந்தது. மீறியோர் அறிந்தே மீறினர். எல்லாரும் பிழைத்தனர் என்பது ஒருவர்க்கும் விடுதலை தருவதில்லை. எல்லாரும் கேட்க வேண்டும் என்பதையே அது காட்டும்.

அவ்வாறாயின், ஜப்பானை மட்டும் சுட்டுதல் முறையன்று. 1948 டிசம்பர் 12-இல், சிலாங்கூர் பத்தாங் காலியின் கித்தாத் தோட்டம் ஒன்றில், படைக்கலம் அற்ற 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். இறந்தோர் சீனத் தொழிலாளர். அவர்தம் உறவினர் பொது விசாரணை வேண்டி நெடுங்காலம் வழக்காடினர்; 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. 1919-இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு, நூறாம் ஆண்டான 2019-இல் பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்புக் கேட்டார் இல்லை. நம் துயரைச் சொல்லும் நாம், பத்தாங் காலிச் சீனர் துயரைச் சொல்லாது விடின், நாம் கேட்பது அறம் ஆகாது, கட்சி ஆகும்.

மூன்றாவது தடை: மன்னிப்பு வெறுஞ்சொல்; சொல்லால் இறந்தவர் எழுவரோ? இங்கே சொற்களின் வேறுபாட்டைத் தமிழாசிரியர்கள் நுணுகி நோக்க வேண்டும். ‘வருந்துகிறேன்’ என்பது தன்னளவில் முடியும் சொல். அதைச் சொல்ல எதிரே ஆள் வேண்டியதில்லை; மழை பொய்த்ததற்கும் வருந்தலாம். ‘மன்னிப்புக் கேட்கிறேன்’ என்பதோ தன்னளவில் முடியாதது. கேட்பவன் ஒருவன், கொடுப்பவன் வேறொருவன். கேட்ட அளவில் கேட்பவன் தாழ்கிறான். கொடுக்கவும் மறுக்கவும் உரிமை எதிரே நிற்பவன் கையில் சேர்கிறது. நேற்று வரை எவனைப் பெயரற்ற கூலியாக நடத்தினரோ, அவனை இன்று கொடுக்கும் இடத்தில் அமர்த்துவது அச்சொல்லின் வேலை. அரசுகள் வருத்தத்தை எளிதில் தெரிவித்து, மன்னிப்பைத் தயங்கித் தயங்கிச் சொல்வதன் காரணம் இதுவே. வழக்கும் ஈட்டுத் தொகையும் பின்தொடரும் என்ற அச்சமும் உடன் உண்டு. 2013-இல் கென்யாவில் மௌ மௌ எழுச்சிக் காலத்தில் வதைபட்ட 5,228 பேர்க்கு 1 கோடியே 99 இலட்சம் பவுன் தந்தபோதும், பிரிட்டன் ஆண்ட சொல் வருத்தமே.

ஜப்பான் மன்னிப்பே கேட்கவில்லை என்று சிலர் கூறுவது சரியன்று. போர் முடிந்த 50-ஆம் ஆண்டு நிறைவில், 1995 ஆகஸ்டு 15-இல், பிரதமர் முராயாமா, தம் நாட்டின் குடியேற்ற ஆட்சியாலும் படையெடுப்பாலும் ஆசிய மக்கள் அடைந்த துன்பத்துக்கு மனமார மன்னிப்புக் கோரினார். 2015-இல் பிரதமர் அபே, முன்னைய அரசுகளின் நிலை மாறாது என்று கூறியதோடு, வருங்காலத் தலைமுறையினர் தொடர்ந்து மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு ஆளாகக் கூடாது என்றும் சேர்த்தார். நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றையும் மறைத்தல் ஆகாது. 1994-இல் முராயாமா மலேசியா வந்தபோது, ஐம்பது ஆண்டுக்கு முந்திய செயலுக்கு ஜப்பான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது ஏன் என விளங்கவில்லை என்று அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் கூறினார். நாட்டின் பொருளியல் நலனை எண்ணி ஓர் அரசுத் தலைவர் அவ்வாறு கூறலாம். ஆனால் வள்ளுவர் போற்றும் பொறை, இகழப்பட்டவன் தானே கொள்ளும் பொறை. அவனுக்காக வேறொருவன் கொண்டு கொடுப்பது அன்று. சயாமில் மடிந்தவன் மனைவி மன்னிக்கலாம். அவளைக் கேளாமல் கோலாலம்பூர் மன்னிக்க இயலாது.

ஆகவே குறை எங்கே உள்ளது? கேட்டது பொதுவாக இருந்தது. கேட்கப்பட்ட ஆள் எதிரே இல்லை. 1944-இலேயே ஜப்பானிய இரயில் படையினர் காஞ்சனபுரியில் நினைவுத்தூண் ஒன்று எழுப்பினர். இறந்த ஆசியத் தொழிலாளர்க்காகத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அதில் கல்லெழுத்தும் உண்டு. இறந்தோர் ஆவி அமைதி பெறுக என்று வேண்டுவது நற்செயலே. யாரால் இறந்தனர் என்று சொல்லாதவரை அது இரங்கல், மன்னிப்பு அன்று. இதற்கு மாறானதும் உலகில் உண்டு. 1947 டிசம்பர் 9-இல் மேற்கு ஜாவாவின் ராவாகெடே என்னும் சிற்றூரில் டச்சுப் படையினர் ஆடவரைச் சுட்டுக் கொன்றனர். 2011-இல் ஹேக் நகர நீதிமன்றம் கைம்பெண்களின் வழக்கை ஏற்றது. அவ்வாண்டு அதே டிசம்பர் 9-இல் டச்சுத் தூதர் அவ்வூருக்கே சென்று, கைம்பெண்கள் முன் நின்று, தம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஈட்டுத் தொகையும் வழங்கப்பட்டது. செயல் இன்னது, இடம் இன்னது, பட்டவர் இன்னார் என்று சொல்லப்பட்டது. அறுபத்து நான்கு ஆண்டு தாழ்ந்த சொல்லாயினும், கேட்பதற்கு உயிரோடு சிலர் இருந்தனர்.

இவ்வளவால் பெறப்படுவது யாதெனின்: நாட்டின் மன்னிப்பு நிறைவுற நான்கு கூறுகள் வேண்டும். செய்ததை மறையாமல் பெயர் சொல்லிக் கூறல். துயர் பட்டோர் அல்லது அவர் வழியினரிடமே கூறல். இயன்ற ஈடு செய்தல். தன் பிள்ளைகளுக்கும் அவ்வுண்மையைக் கற்பித்தல். நான்காவது இன்றேல் முதல் மூன்றும் நிலையா. ஒரு தலைமுறை கேட்ட மன்னிப்பை, அறியாத அடுத்த தலைமுறை தன் பேச்சால் திரும்பப் பெற்றுவிடும்.

தனி ஆளைத் தண்டித்தல் இவற்றுக்கு ஈடாகுமா என்றும் கேட்கலாம். ஈப்போவிலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பாப்பானில் கரந்துறைப் போராளிகளுக்கு மருத்துவம் செய்த சிபில் கார்த்திகேசு அம்மையார் ஜப்பானியக் கெம்பெய்தாயினரால் கொடிதாக வதைக்கப்பட்டார். போருக்குப்பின் அவரை வதைத்த அதிகாரி போர்க்குற்ற நீதிமன்றத்தில் தண்டனை பெற்றான். அம்மையார் ஜார்ஜ் பதக்கம் பெற்றார், 1948-இல் மறைந்தார், இன்று ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அங்கே வதைத்தவன் முகம் தெரிந்தது. வதைபட்டவர் பெயர் தெரிந்தது. நீதி செல்ல வழி இருந்தது. பல்லாயிரவரை ஒரு திட்டத்தால் கொன்ற இடத்தில் ஒருவன் முகம் மட்டும் குற்றவாளி முகம் ஆகாது. திட்டம் நாட்டினுடையது, ஆதலின் விடையும் நாடே கூற வேண்டும்.

பழி வேண்டுவார்க்கும் ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். கோவலன் கொலைக்குக் கழுவாயாகக் கொற்கை வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும். பொய்யுரைத்தவன் ஒருவன், பலியானோர் ஆயிரவர். மதுரையை எரித்த கண்ணகியே, முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விட்டுத் தீயோரை மட்டும் சேர்க என்றுதானே தீக்கு ஆணையிட்டாள்? இன்றைய ஜப்பானிய இளைஞனை வெறுத்தல், செழியன் செய்த அத்தவற்றையே நாமும் செய்வதாகும். அவனிடம் நாம் வேண்டுவது உண்மையை அறிதல், தலைகுனிதல் அன்று.

நம் தலையையும் நாம் சற்றுக் குனிய வேண்டிய இடம் உண்டு. தோட்டங்களில் ஆள் கேட்டபோது, பெயர்ப் பட்டியலைத் தந்தோருள் நம் கிராணிகளும் கங்காணிகளும் இருந்தனர். அச்சத்தால் தந்தோர் பலர். தமக்கு வேண்டாதவர் பெயரை முன்னே எழுதியோரும் இருந்தனர். திரும்பி வந்தோர் கதையை எழுதிவைக்க நாம் காட்டிய காலத்தாழ்வும் சிறிதன்று. சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை எழுதியதுபோல் ஒரு சிலர் எழுதினர். மற்றையோர் கேட்டுவிட்டு மறந்தோம். இதற்குள் பேராக்கின் பழைய கித்தாத் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்பு மனைகளாகவும் மாறின. லயங்கள் இடிபட்டன, மக்கள் பட்டணம் சேர்ந்தனர். நாளை ஒரு தூதர் ராவாகெடேக்குச் சென்றதுபோல் மன்னிப்புக் கேட்க வருவாராயின், எந்த ஊருக்கு வருவார்? எந்தப் பெயரைச் சொல்வார்?

இதனால்தான் 2023-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் தமிழர்க்கென நடுகல் ஒன்று நாட்டப்பெற்றது பொருள் உடையதாகிறது. வீழ்ந்தவனுக்குக் கல் எடுத்தலைத் தொல்காப்பியர் புறத்திணையில் முறையாக வகுத்துக் கூறுகிறார். பழைய நடுகல்லில் பெயரும் பீடும் எழுதுவர். இப்புதிய கல்லின் கீழ் உள்ளவர்க்குப் பீடு உண்டு. பெயர்தான் இன்னும் எழுதப்படவில்லை.

அதை எழுதும் பணி நம்முடையது. பேராக்கில் தோட்டம் மறைந்தும் பள்ளி மறையாத ஊர்கள் உள. தோட்டப் பெயரையே இன்றும் தாங்கும் அத்தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள், தம் மாணவரிடம் ஒரு வினா மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம்: ‘நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்? அவர் பெயர் என்ன?’ பாட்டியும் தாத்தாவும் அறிந்த பெயர்கள் அவரோடு மறையுமுன் ஒரு குறிப்பேட்டில் ஏறட்டும். நாடுகள் நாணுமா நாணாவா என்பது அந்நாடுகளின் கையில் உள்ளது. நாண வேண்டியவர் முன் வைக்கப் பெயர் இல்லாமற் போகுமாயின், அப்பழி நம்மைச் சாரும்.